சின்ன காருக்கு டயர் வாங்குவது எப்படி

கடைக்குக் கிளம்பும் முன் பழைய டயரைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் மட்டும் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டங்கள்) நின்றால், காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் மழித்த மாதிரி இருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், போயிருக்கிறது; சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளான புஷ், பால் ஜாயின்ட் ஏதாவது ஆடுகிறதா என்றும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டினால் பேலன்சிங் (சக்கரத்தைச் சுற்றிலும் எடை சமமாக இருப்பது) இல்லை, அல்லது ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. இதைச் சரிசெய்யாமல் புதுசு மாட்டினால் அதையும் அதே கோளாறு தின்றுவிடும்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று டயரே காட்டும். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டால் அது மொட்டை டயர்தான். மழையில் அதிகம் ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்காமல் 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது, ஏனென்றால் ஆழம் குறையக் குறைய தண்ணீரை வெளியே தள்ளும் வேகமும் குறையும். பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கழற்றிவிடுங்கள். உள்ளே இழை அறுந்திருக்கிறது. அதற்குப் பஞ்சர் ஒட்டும் வைத்தியம் கிடையாது.

அடுத்தது சைஸ். மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். கீழ் மாடல்களில் 165/80 ஆர்14, மேல் மாடல்களில் 185/65 ஆர்15 வருகிறது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது: 165இல் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் 14 அங்குல டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ., 15 அங்குலத்தின் விட்டம் சுமார் 622 மி.மீ. ரிம் பெரிதானாலும் டயர் ஏறக்குறைய அதே உயரம்தான். ஸ்பீடோமீட்டர் மாறாமல் இருக்க கம்பெனி போட்ட கணக்கு இது.

அதே 14 அங்குல ரிம்மில் 175/70 மாட்டினால் விட்டம் 601 மி.மீ. ஆகிவிடும், 3 சதவீதம் குறைவு. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 97இல்தான் போகும். அடிப்பாகமும் தரைக்கு ஒன்பது மி.மீ. நெருங்கும். வேகத்தடையில் உரசும்போது அந்த ஒன்பது மி.மீ.யின் அருமை தெரியும்.

“ஒரு சைஸ் ஏத்திப் போடுங்க சார், கிரிப் நல்லா இருக்கும்” என்ற பேச்சு கடையில் கட்டாயம் வரும். அகலம் கூடினால் மைலேஜ் குறையும், ஸ்டீயரிங் கனக்கும், முழுசாகத் திருப்பும்போது வீல் ஆர்ச்சில் உரசலாம். ரிம்மின் அகலமும் ஒத்துவர வேண்டும்: 185/65க்கு 5 முதல் 6.5 அங்குல அகல ரிம் தேவை. டிரைவர் கதவை ஒட்டிய தூணில் இருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ கொடுத்திருக்கும் சைஸைத் தாண்டாமல் இருப்பதே உத்தமம். சைஸுக்குப் பக்கத்தில் 85டி (85T) என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை. பழையதில் உள்ளதைவிடக் கூடலாம், குறையக் கூடாது.

எந்த ரகம்? மிருதுவான ரப்பர் நனைந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும், சத்தமும் கூடுதல். குண்டும் குழியுமான சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு உயரமான பக்கவாட்டுள்ள 14 அங்குலமே தோது. அடி வாங்கினாலும் ரிம் நெளிவது குறைவு.

பிராண்டைவிட முக்கியம் தேதி. பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் தயாரானது. பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். தெரியவில்லையென்றால் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு வருடம் தாண்டியதைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேறு கேளுங்கள். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் முதுமையடையும், ஸ்டெப்னி உட்பட.

நான்கும் மாற்றக் காசில்லை, இரண்டுதான் என்றால் இரண்டும் ஒரே பிராண்டாக, ஒரே பட்டனாக வாங்கிப் பின்னால் போடுங்கள். இன்ஜின் முன்சக்கரத்தை ஓட்டுவதால் முன்னால்தான் போட வேண்டும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஆனால் தேங்கிய தண்ணீரில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் பிடி திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அதைச் சமாளிப்பது கைதேர்ந்தவர்களுக்கே கஷ்டம்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டியூப்லெஸ் என்றால் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை. ரிம் ஓரத்துத் துருவைத் தேய்த்து எடுக்காவிட்டால் மெதுவாகக் காற்று இறங்கும், எங்கே என்றே கண்டுபிடிக்க முடியாது. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும், ஏனென்றால் டயரின் கனம் குறைந்த இடம் அது. ‘அவுட்சைடு’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே. அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் திசையில். பேலன்சிங்குக்குப் பழைய ஈயக்கட்டிகளைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும். நட்டுகளை ஏர் கன்னால் இறுக்கி விட்டுவிட்டால் நட்டு ஏறும் ஸ்டட் நீளும். நடுவழியில் பஞ்சரானால் உங்கள் ஸ்பேனருக்கு அசையாது. கடைசி இறுக்கு கையால், எதிரெதிராக.

டயரில் அச்சிட்டிருக்கும் காற்றளவு உச்சவரம்பு. நிரப்ப வேண்டியது கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவு, அதுவும் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே அது 78 சதவீதம். முதல் 200 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், புது ரப்பரின் வழவழப்பு போகும்வரை பிரேக் பிடிப்பு சற்றுக் குறைவாக இருக்கும். பில்லில் நான்கு டயரின் சீரியல் எண்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி கேட்கும்போது கடைக்காரர் முதலில் தேடுவது அதைத்தான்.