வெளிநாட்டு ஆய்வுப் பணியைத் திட்டமிடுவது எப்படி?

முனைவர் பட்டத்துக்குப் பின் வெளிநாடு செல்ல நினைப்பவர், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட யாருடைய ஆய்வுக்குழுவில் சேரப்போகிறோம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அக்குழுவிலிருந்து சென்றவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள், அவர்களுடைய கட்டுரைகளில் யார் பெயர் முதலில் நிற்கிறது என்று தேடிப் பாருங்கள்; அவர்களில் இருவரிடமாவது நேரில் பேசுவது போல் மனம்விட்டு விசாரியுங்கள்.

நல்கைகளின் (ஆய்வு உதவித்தொகைகளின்) தகுதி விதிகளை முன்கூட்டியே படிப்பது அவசியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கைக்கு, விண்ணப்பிக்கும் கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், ஆய்வுக்காகச் செல்லவிருக்கும் நாட்டில் வசித்தவர் தகுதி பெறுவதில்லை. முன்னதாகவே அங்கே நீண்ட காலம் தங்கிவிட்டவர், அதனாலேயே அந்த வாய்ப்பை இழக்கக்கூடும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. அங்கே திரட்டிய தரவுகள், தொடங்கிய ஆய்வு ஆகியவற்றில் எவற்றை உடன் எடுத்துச் செல்லலாம் என்று முதல் மாதத்திலேயே குழுத்தலைவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுவிடுங்கள். பிற்பாடு நிரந்தரப் பணிக்கான நேர்காணலில், ‘இதில் உங்களுடைய பங்கு எது?’ என்ற கேள்வி வரும்போது, தனித்து நிற்கும் ஓர் ஆய்வுத் திட்டம் கையில் இருப்பவரே தயங்காமல் பதில் சொல்ல முடியும்.

தாய்நாட்டுத் தொடர்புகள் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம், ஏனெனில் திரும்பி வருபவரைத் துறையில் எவருக்கும் தெரியவில்லை என்றால் நல்ல கட்டுரைகள்கூடப் போதுவதில்லை. பழைய நெறியாளருடன் ஆண்டுக்கு ஒரு கூட்டுக் கட்டுரையையாவது திட்டமிடுங்கள். பணி ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போதே அடுத்த விண்ணப்பங்களைத் தொடங்குங்கள்.