பார்ட் அச்செடுக்கும் முன்

ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த முழு இசைப் பிரதி) முடிந்த கையோடு பலர் செய்வது இதுதான்: இசை எழுதும் மென்பொருளில் பார்ட்டுகளை, அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித் தாள்களை, பிரித்து, வந்த பக்கங்களை அப்படியே அச்செடுத்துவிடுவார்கள். மியூஸ்ஸ்கோர், சிபெலியஸ், டோரிகோ மூன்றுமே அந்தப் பிரிக்கும் வேலையைத் தானாகச் செய்துவிடும். ஆனால் வாசிப்பவர் கண்ணுக்குத் தன் வரி மட்டும்தான் தெரியும். அதை யோசித்துப் பக்கம் அமைப்பது நம் வேலை.

பெரிய தொல்லை பக்கம் திருப்புவது. முதல் பக்கம் வலப்புறம் வரும்படி தைத்த பார்ட்டில் 1, 3, 5 என ஒற்றைப்படைப் பக்கங்களின் கடைசியில்தான் தாளைத் திருப்ப வேண்டியிருக்கும். இரண்டிலிருந்து மூன்றுக்குக் கண்ணை நகர்த்தினாலே போதும். ஆக, ஒற்றைப்படைப் பக்கம் ஒரு ரெஸ்ட்டில் (வாசிக்காமல் நிற்கும் இடத்தில்) முடிய வேண்டும். அதற்காகப் பக்கத்தின் பாதி காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை. நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல் விட்டதில், வேகமான ஓட்டத்தின் நடுவே இருவர் பகிரும் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஒரு வயோலாக்காரர் தாளைத் திருப்பப் போக, வயோலா ஒலி பாதியாகிவிட்டது. எங்குமே ரெஸ்ட் சிக்கவில்லையா? அட்டைப் பக்கம் ஒன்று சேர்த்து, இசையை இடப்புறத்தில் தொடங்கிப் பாருங்கள்.

அடுத்தது எழுத்துக் குறிகள். டெம்போ (வேகம்) மாற்றத்தை ஃப்ளூட் வரியின் மேல் சாதாரண ஸ்டாஃப் டெக்ஸ்டாக (அந்த ஒரு வரிக்கு மட்டும் சேர்ந்த எழுத்தாக) அடித்தால், ஸ்கோரில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பார்ட்டாகப் பிரித்த பிறகு ஃப்ளூட் மட்டும் வேகம் குறைக்கும், மற்றவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். டெம்போவுக்கென்று இருக்கும் கருவியையே பயன்படுத்துங்கள். தலைகீழாகவும் நடக்கும்: நரம்பை விரலால் மீட்டச் சொல்லும் 'பிட்ஸ்' என்பதை சிஸ்டம் டெக்ஸ்டாக (எல்லா வரிக்கும் பொதுவான எழுத்தாக) போட்டால், ஊதி வாசிக்கும் டியூபாக்காரரும் விரலால் மீட்டச் சொல்லி ஒரு குறிப்பைப் பார்ப்பார்.

ஸ்கோரைக் கான்சர்ட் பிட்சில் (உண்மையில் ஒலிக்கும் சுருதியில்) எழுதுவது தவறில்லை, பார்ட்டும் அப்படியே அச்சாவதுதான் தவறு. சில வாத்தியங்கள் எழுதியதைவிடத் தாழ்வாக ஒலிப்பதால், பி-ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழுத்தொனி மேலே, எஃப் ஹார்னுக்கு ஐந்தாம் இடைவெளி மேலே எழுத வேண்டும். மாற்றியபின் கீ சிக்னேச்சரையும் (வரியின் தொடக்கத்தில் வரும் ஷார்ப், ஃப்ளாட் குறிகளையும்) பாருங்கள். கான்சர்ட்டில் பி மேஜர் என்றால் கிளாரினெட்டுக்கு ஏழு ஷார்ப்புகளோடு சி-ஷார்ப் மேஜர் வரும். அதே ஒலியை ஐந்து ஃப்ளாட் உள்ள டி-ஃப்ளாட் மேஜராக மாற்றிக் கொடுத்தால் கிளாரினெட்காரர் உங்களைத் திட்ட மாட்டார்.

அறுபது பார் (தாள அளவு) ரெஸ்ட்டை ஒரே கட்டமாக விடாதீர்கள். ரிஹர்சல் மார்க்குகளில் (ஒத்திகையில் இடம் சொல்லப் போடும் எழுத்து அல்லது எண்களில்) உடைத்து, நுழைவதற்கு முந்தைய சில பார்களுக்கு வேறொரு வாத்தியத்தின் வரியை, நுழையும் இடத்தைக் காட்டும் சிறிய கியூ ஸ்வரங்களாகக் கொடுங்கள். கியூவும் வாசிப்பவரின் டிரான்ஸ்போசிஷனில், அதாவது அவர் வாத்தியத்துக்கு மாற்றிய சுருதியில்தான் இருக்க வேண்டும். அப்புறம், ஸ்டாஃபின் (ஸ்வரம் எழுதும் ஐந்து கோடுகளின்) உயரம் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கடைசி நேரத் திருத்தம் வேறு கதை. பார்ட்டைத் தனிக் கோப்பாகச் சேமித்துவிட்டால் ஸ்கோருடன் இருந்த இணைப்பு அறுந்துவிடும், அதன்பின் ஸ்கோரில் மாற்றுவது எதுவும் அதில் ஏறாது. திருத்திய தேதியை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடுங்கள். ஒத்திகையில் பழைய தாளோடு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.