இரும்பு மிகுந்த தாதிலிருந்து மங்கனீசைப் பிரித்தெடுத்தல்

பெரோமங்கனீசு என்னும் இரும்பு-மங்கனீசுக் கலப்புலோகம் செய்வதற்கு, தாதில் மங்கனீசு இரும்பைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்காவது இருக்கவேண்டும். ஒடிசா, கோவா போன்ற இடங்களில் அகழப்படும் இரும்பு கலந்த தாதுகள் பல இந்த அளவை எட்டுவதில்லை. அத்தகைய தாதின் மாதிரி கிடைத்தால், யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே, ஆசிரியரின் மேற்பார்வையில், மங்கனீசைக் காபனேற்றாகப் பிரித்தெடுக்கலாம். தாது நம் மண்ணில் இல்லாவிட்டாலும், அதற்கு வேண்டிய பனங்கட்டியும் சுண்ணக்கல்லும் இங்கு தாராளமாக உண்டு.

நீர்த்த சல்பூரிக்கமிலம் தனித்துத் தாதிலுள்ள மங்கனீசீரொட்சைட்டைக் கரைக்காது. அதைத் தாழ்த்தும் (அதாவது அதற்கு இலத்திரன்களைக் கொடுக்கும்) பொருளொன்று உடன் வேண்டும்; இங்கு அது பனங்கட்டி. 100 கிராம் மாவாக்கிய தாதை 2 மோலார் அமிலம் 500 மில்லிலீற்றரில் இட்டு, 80 முதல் 90 பாகை செல்சியசில் கலக்கிக்கொண்டே, நீரில் கரைத்த பனங்கட்டியைச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். தாதில் 20 சதவீதம் மங்கனீசு இருப்பின் கணக்குப்படி 5 கிராம் பனங்கட்டியே போதும் எனினும், அதன் ஒரு பகுதி வீணாவதால் 10 கிராம் எடுப்பது நல்லது. ஒரேயடியாகக் கொட்டினால் காபனீரொட்சைட்டு நுரைத்துப் பொங்கி முகவையை விட்டு வழியும்.

கரைசலில் இரும்பும் சேர்ந்தே வரும். அதை வெளியேற்றுவதுதான் இவ்வேலையின் கடினமான பகுதி. பெரசு இரும்பு (Fe²⁺) அமிலக் கரைசலில் இலகுவில் வீழ்படியாது என்பதால், முதலில் அதைப் பெரிக்காக (Fe³⁺) ஒட்சியேற்றவேண்டும். இதற்கு ஐதரசன் பேரொட்சைட்டு வாங்குவது வீண்செலவு என்பேன்; புதிய தாதுத்தூள் சிறிதை இட்டுச் சூடாக்கினால் அதிலுள்ள மங்கனீசீரொட்சைட்டே அதைச் செய்துவிட்டுத் தானும் கரையும். கரைசலில் ஒரு துளியை வெளியே எடுத்துப் பொற்றாசியம் பெரிசயனைட்டின் ஒரு துளியுடன் சேர்த்தால், பெரசு இரும்பைக் காட்டும் நீலநிறம் தோன்றாமற் போகும்வரை இதைத் தொடருங்கள்.

பின்னர் சுண்ணக்கல் தூளைச் சூடான கரைசலில் மெதுவாகத் தூவி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானத்தை 4 முதல் 5 வரை உயர்த்தினால் இரும்பு கபில நிறமாக, கல்சியம் சல்பேற்றுடன் கலந்து வீழ்படியும். அவசரப்பட்டால் வீழ்படிவு களியாகி வடிதாளை அடைத்துக்கொள்ளும். நீறிய சுண்ணாம்பைவிடச் சுண்ணக்கல்லே மேலானது. சற்றுக் கூடிப்போனாலும் பிஎச் எல்லை மீறாது, மங்கனீசும் பெரிதும் இழக்கப்படாது.

வடிகட்டிய கரைசலில் சோடியம் காபனேற்றுக் கரைசலைப் பிஎச் 8 வரை சேர்க்க, வெளிறிய மங்கனீசுக் காபனேற்று படியும். சோடியம் ஐதரொட்சைட்டைத் தவிர்க்கவும். அது தரும் ஐதரொட்சைட்டு காற்றில் உடனே கபிலமாகும். படிவை நன்கு கழுவி, 100 பாகைக்குக் கீழ் உலர்த்தவேண்டும்.

குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளூடாகவே நீர் பெறுவதால், கழிநீரையும் கபிலச் சேற்றையும் நிலத்தில் ஊற்றாமல், மூடிய கலனில் சேர்த்து வையுங்கள்.