பழைய வால்வு ப்ரீஆம்ப் இன்றைக்கும் ஈடுகொடுக்குமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் வழி

பழைய வால்வு ப்ரீஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடும், ஆம்ப்ளிஃபயருக்கு முன்னே சிக்னலைத் தயார்செய்யும் பெட்டி) நல்லதா, இப்போது வருகிற கருவி நல்லதா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பெட்டியில் கண்டென்சர்களை (மின்சாரத்தைத் தேக்கும் உதிரிகளை) மாற்றியாயிற்றா? மராண்ட்ஸ் 7, மெக்கின்டோஷ் சி22, டைனாகோ பாஸ்-3 எல்லாம் 1958க்கும் 63க்கும் இடையில் வந்தவை. அந்தச் சர்க்யூட்டுகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அறுபது வருடம் காய்ந்த உதிரிகளோடு அவற்றைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

பரணில் கிடந்த பெட்டியை நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டு மின்சாரம் கொடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். உள்ளே 300 வோல்ட் டிசி வரை இருக்கும், அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கும். மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. இதில் பழக்கமில்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கப்ளிங் கண்டென்சர், அதாவது டிசியைத் தடுத்து இசைச் சிக்னலை மட்டும் விடும் உதிரி. என் பெட்டியில் நான்கு 12ஏஎக்ஸ்7 வால்வுகள். அவுட்புட்டில் ஆம்ப்ளிஃபயரை இணைக்காமல், ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் மட்டும் போட்டு, மீட்டரை டிசியில் வைத்தேன். இடது பக்கம், வால்வு சூடேறும்போது முள் லேசாக எகிறிப் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதில் பழுதில்லை. வலது பக்கம் 0.4, பிறகு 1, பிறகு 1.8 வோல்ட் என்று ஏறியது, இறங்கவே இல்லை. கண்டென்சர் கசிகிறது. சில புதிய ஆம்ப்ளிஃபயர்கள் டிசியையும் அப்படியே பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும், வூஃபர் கருகும். இரண்டு பக்கமும் மாற்றினேன். பவர் சப்ளையின் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களையும் விட்டுவைக்கவில்லை.

வால்வைச் சூடேற்றும் ஹீட்டருக்கு, ஏசியை டிசியாக்கும் பழைய வகை செலீனியம் ரெக்டிஃபயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். அது கருகினால் வரும் புகை நஞ்சு. சிலிக்கான் டயோடு போட்டால் வோல்டேஜ் கூடும், அதனால் ஒரு சீரிஸ் ரெசிஸ்டர் வைத்து 12.6 வோல்ட் ஹீட்டருக்கு அந்த அளவே கிடைக்கும்படி இறக்க வேண்டும்.

இனி பொருத்தம். பலர் ஏமாறுவது இங்கேதான். பழைய ப்ரீஆம்ப், எதிரே உள்ள ஆம்ப்ளிஃபயரின் இன்புட் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் தடை) 100 கிலோ ஓமோ அதற்கு மேலோ இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. இன்றைய ஆம்ப்ளிஃபயர் பலவற்றில் 10 கிலோ ஓம்தான். அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருந்தால், 100 கிலோ ஓமில் பேஸ் (தாழ்ந்த ஒலி) 16 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் 3 டெசிபல் குறையும். 10 கிலோ ஓமில் அதே குறைவு 160 ஹெர்ட்ஸிலேயே வந்துவிடும். "வால்வு என்றால் பேஸ் வராது" என்ற பேச்சுக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். பெரிய கண்டென்சர் போடலாம், ஆனாலும் 10 கிலோ ஓம் அந்த வால்வுக்குப் பாரம்தான். இன்புட் இம்பீடன்ஸ் அதிகமுள்ள ஆம்ப்ளிஃபயரைத் தேடுவதே மேல்.

சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக்கும் கருவி) எல்லாம் 2 வோல்ட் வரை தரும். அதற்கு மேல் பத்து மடங்கு பெருக்கும் ப்ரீஆம்ப் எதற்கு? வால்யூமைத் தொட்டதுமே கத்தும், அந்த அடிமட்டத்தில் இடது வலது அளவும் ஒத்துப்போகாது. டிஏசிக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே 10 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டரைப் போட்டதும் எனக்கு அந்தத் தொல்லை போனது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒப்பீடு. 400 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளந்து, இரண்டு கருவியையும் ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். சற்றே சத்தமாக இருப்பதைத்தான் காது "நல்லது" என்று சொல்லும், சத்தம் கூடுதல் என்று சொல்லாது. எது ஓடுகிறது என்று தெரியாதபடி இன்னொருவர் மாற்றட்டும். நீங்கள் எழுதி வையுங்கள்.

நான் இருபது தடவை எழுதினேன். டிஏசி வழியாகப் பாட்டு ஓடும்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாட்டு நின்ற இடைவெளியில் ட்வீட்டருக்கு அருகே காதை வைத்தால் வால்வின் மெல்லிய இரைச்சல் கேட்டது, புதியதில் ஒன்றுமில்லை. இரைச்சலில் புதியதே ஜெயித்தது, அதில் சந்தேகமே இல்லை.

இசைத்தட்டு வைத்தபோது கதை வேறு. தட்டில் குறைத்துப் பதிந்த பேஸையும் கூட்டிப் பதிந்த ட்ரெபிளையும் திரும்பச் சரிசெய்யும் ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன் 1954லேயே வந்துவிட்டது, இந்தப் பெட்டிகள் அதற்காகவே பிறந்தவை. உயர்ந்த வோல்டேஜில் ஓடுவதால் தட்டின் கீறல் சத்தத்துக்கு வால்வு எளிதில் திணறுவதில்லை. நல்ல மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசியோடு காந்தம் அசையும் வகை) போட்டால் இன்றும் முழு மனதோடு அதில்தான் கேட்கிறேன். இசைத்தட்டுச் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ வால்வை மட்டும் பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணி மாதிரி ஒலித்தால் அந்த வால்வை லைன் பகுதிக்கு (டிஏசி போன்றவை இணையும் பகுதிக்கு) மாற்றி, அமைதியான ஒன்றை அங்கே போடுங்கள்.