இங்கிலாந்தில் மணமாகாத தந்தை தன் பிள்ளைக்குச் சட்டப்படி தந்தையாவது எப்படி?

இங்கிலாந்திலும் வேல்சிலும் குழந்தையைப் பெற்ற தாய்க்குப் ‘பெற்றோர் பொறுப்பு’ பிறப்போடு வந்துவிடுகிறது. அவரைச் சட்டப்படி மணந்திராத தந்தைக்கு அது தானாக வருவதில்லை. பள்ளியைத் தேர்ந்தெடுப்பது, அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளிப்பது, பிள்ளையின் பெயரை மாற்றுவது, வெளிநாடு அழைத்துச் செல்லச் சம்மதிப்பது ஆகியவற்றில் தந்தையின் சொல்லுக்குச் சட்ட வலு தருவது 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் கூறும் இந்தப் பொறுப்புத்தான். பராமரிப்புப் பணம் வேறு கணக்கு: பொறுப்பு இல்லாதவரும் அதைக் கொடுத்தாக வேண்டும், கொடுப்பதனால் மட்டும் பொறுப்பு வந்துவிடாது.

முதற்படி: உங்கள் திருமணம் சட்டப்படி செல்லுமா என்று பாருங்கள்

நம்மவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ அந்நாட்டுச் சட்டப்படி முறையாக நடந்த திருமணத்தை இங்கே பொதுவாக ஏற்பார்கள். ஆனால் இங்கிலாந்துக் கோயிலொன்றில் ஐயர் மந்திரம் ஓத, ஊர் கூடித் தாலி கட்டியிருந்தாலும், அந்தக் கோயில் திருமணத்துக்கெனப் பதிவு பெறாமல், நீங்களும் தனியாகப் பதிவுத் திருமணம் செய்யாமல் இருந்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் மணமாகாதவர். அப்படியானால் பின்வருபவை உங்களுக்கும் உரியவை. பிறகு தாயைச் சட்டப்படி மணந்தால் பொறுப்பு வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: பிறப்புப் பதிவுக்கு இருவரும் சேர்ந்தே செல்லுங்கள்

இதுவே எளிய வழி. 2003 டிசம்பர் 1 முதல், தாயுடன் சேர்ந்து பதிவு செய்து பிறப்புச் சான்றிதழில் பெயர் இடம்பெற்ற தந்தைக்குப் பொறுப்பு கிடைத்துவிடுகிறது. குழந்தை பிறந்த 42 நாட்களுக்குள் பதிவாளரிடம் செல்ல வேண்டும். மணமாகாத தந்தை தாமாகத் தனியே போய்த் தம் பெயரைச் சேர்க்க முடியாது. ஒருவரால் வர இயலாவிட்டால், அவர் தந்தைமையை உறுதிசெய்து கையெழுத்திட்ட சத்தியப் பிரகடனத்தை மற்றவர் கொண்டுசெல்ல வேண்டும். பெற்றோர் பெயர்கள் முழுச் சான்றிதழில்தான் இருக்கும், சுருக்கச் சான்றிதழில் இருக்காது. ஆகவே முழுச் சான்றிதழையே கேட்டு வாங்குங்கள். முதலில் பெயர் விடுபட்டிருந்தால், தாய் சம்மதிக்கும்போது மறுபதிவு செய்துகொள்ளலாம்.

மூன்றாம் படி: ஒப்பந்தப் படிவம்

சான்றிதழில் பெயர் இல்லை, ஆனால் தாய்க்கு மறுப்பும் இல்லை என்றால், ‘சி (பி.ஆர்.ஏ.1)’ என்ற படிவம் போதும். அதை வீட்டிலேயே கையெழுத்திட்டு எடுத்துச் செல்லாதீர்கள். குழந்தையின் முழுப் பிறப்புச் சான்றிதழையும் புகைப்பட அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு உள்ளூர்க் குடும்ப நீதிமன்றத்துக்குச் சென்று, அங்குள்ள அலுவலர் முன்னிலையில்தான் இருவரும் கையெழுத்திட வேண்டும். அதன்பின் மூலப் படிவத்தையும் இரண்டு நகல்களையும் லண்டனில் உள்ள மத்தியக் குடும்ப நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். அங்கே பதிவான பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்.

நான்காம் படி: தாய் மறுத்தால் நீதிமன்றம்

‘சி1’ படிவத்தில் பெற்றோர் பொறுப்பு ஆணை கேட்டு விண்ணப்பிக்கலாம். இதற்குக் கட்டணம் உண்டு. பிள்ளைமீது நீங்கள் காட்டிவந்த அக்கறை, உங்களுக்கும் பிள்ளைக்கும் உள்ள பிணைப்பு, நீங்கள் விண்ணப்பிக்கும் காரணம் ஆகியவற்றை நீதிமன்றம் எடைபோடும். பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது. எனவே பள்ளிக் கடிதங்கள், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற விவரங்கள், அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேதிவாரியாகச் சேர்த்து வைப்பது நல்லது; தாயின் குறைகளை அடுக்குவதைவிட அதுவே உங்களுக்குத் துணை நிற்கும் என்பது என் கருத்து. நீங்கள் தந்தையே அல்ல என்று தாய் வாதிட்டால், நீதிமன்றம் டி.என்.ஏ. பரிசோதனைக்குப் பணிக்கலாம். கடையில் வாங்கிய பரிசோதனைப் பெட்டியின் முடிவை அதற்கு ஈடாக நம்பியிருக்க வேண்டாம்.

பிள்ளை யாருடன் வாழும், வாரத்தில் எத்தனை நாள் உங்களுடன் இருக்கும் என்பவற்றைப் பெற்றோர் பொறுப்பு முடிவு செய்வதில்லை. அதற்கு ‘சி100’ படிவம் தனியாக உண்டு. விதிவிலக்கான சூழல்கள் தவிர, அதைக் கொடுக்கும் முன் சமரசம் குறித்த தகவல் சந்திப்பு ஒன்றில் கலந்துகொள்ள வேண்டும். பொறுப்பு இன்னும் கிடைக்காத தந்தையும் இதற்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளை உங்களுடன் வாழ வேண்டும் என்று ஆணை பிறந்தால், பெற்றோர் பொறுப்பையும் நீதிமன்றம் அதனுடன் சேர்த்தே வழங்கும்.