லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் போக எத்தனை மணி நேரம்?

லண்டனிலிருந்து சென்னை வழியாகவும் யாழ்ப்பாணம் போகலாம். சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு வான்வழியில் சுமார் 355 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து மதுரை இதைவிடத் தூரம். ஆனாலும் பயணச்சீட்டில் ஒன்றேகால் மணி நேரம், சிலவேளை அதற்கு மேலும் போட்டிருக்கும். பலாலிக்கு வருவது ஏடிஆர் 72 என்ற, இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம். மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான் அதன் வேகம். சீட்டில் உள்ள நேரத்தில் விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு வருவது எல்லாம் அடங்கும்.

லண்டனிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள்: கொழும்பு, சென்னை. ஹீத்ரோவிலிருந்து கொழும்புக்கு சுமார் 8,700 கிலோமீட்டர், நேரடி விமானத்தில் பத்தரை மணி நேரத்துக்கு மேல். சென்னைக்கு சுமார் 8,200 கிலோமீட்டர், பத்து மணி நேரத்தை ஒட்டி. திரும்பி வரும்போது மேற்குக் காற்றுக்கு எதிரே பறப்பதால் இரண்டிலுமே நேரம் கூடும்.

வித்தியாசம் இறங்கிய பிறகுதான் தெரியும். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் 350 கிலோமீட்டருக்கு மேல். வேன் வண்டியில் ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் இறங்கினால் உடனே புறப்படாதீர்கள். நீங்கள் பின்னால் தூங்கலாம், சாரதி விடியவிடிய விழித்திருக்க வேண்டும். பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்துப் படுத்துவிட்டு விடிந்ததும் போங்கள். வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, அப்படியென்றால் சென்னை வழிதான் நல்லதா? வீசா கையில் இருந்தால் நல்லது. இரண்டு பயணத்தையும் தனித்தனிச் சீட்டாக எடுத்தால், சென்னையில் குடிவரவு தாண்டி வெளியே வந்து, பெட்டிகளை எடுத்து மறுபடி பதிய வேண்டும். அதற்கு இந்திய வீசா கட்டாயம். திரும்பும்போதும் சென்னையில் நுழைவீர்கள், ஆகவே இரண்டு நுழைவு தேவை. 30 நாள் மின்வீசாவில் இரண்டு நுழைவு உண்டு. ஆனால் முதல் தரம் இறங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஊரில் கோயில் திருவிழா, கலியாணம் என்று அதற்கு மேல் நிற்கப் போகிறவர்கள் ஓராண்டு வீசாவே எடுங்கள்.

அடுத்தது பெட்டி. லண்டன் விமானம் ஏற்றிய எடையைச் சிறிய விமானமும் ஏற்றும் என்று நம்பிப் பொதி கட்டாதீர்கள். இரண்டு சீட்டிலும் உள்ள எடையைப் பார்த்து, குறைந்ததற்கு ஏற்பக் கட்டுங்கள்.

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மணி ஒன்றே. லண்டனோடுதான் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம். சீட்டில் எல்லாமே உள்ளூர் நேரம் என்பதால், அதைக் கழிக்காமல் பார்த்தால் பயணம் பதினைந்து மணி நேரம் போலத் தோன்றும்.

பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. முதல் விமானம் சென்னையிலிருந்துதான் வந்தது. பிறகு தொற்றுக் காலத்தில் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. திருச்சியிலிருந்து பார்த்தால் தூரம் இன்னும் குறைவு, ஏறத்தாழ 185 கிலோமீட்டர். ஆனாலும் இந்தப் பாதைகளில் சேவைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் பலாலி விமானத்தின் நாளையும் நேரத்தையும் உறுதி செய்துவிட்டு, அப்புறம் லண்டன் சீட்டை எடுங்கள். திரும்பும்போது பலாலியிலிருந்து வந்த அன்றைக்கே லண்டன் விமானத்தைப் பிடிக்கப் பார்க்காமல், சென்னையில் ஒரு இரவு தங்குவதற்கு இடம் விடுங்கள்.