சின்ன நாய்க்கு எதை மாட்டுவது: கழுத்துப் பட்டையா, ஹார்னஸா?

நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்தில் நாய்க்குட்டி வாங்கியதும் அடுத்து வாங்குவது மணி வைத்த கழுத்துப் பட்டையும் ஒரு இரும்புச் சங்கிலியும்தான். வீட்டுக் காவலுக்குப் பெரிய நாய் வளர்த்த பழக்கம் அது. நாலு கிலோ பொமரேனியனுக்கு அதையே மாட்டினால் சரிப்படாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து கிலோவுக்குள் இருக்கும் நாய் என்றால் கயிறு ஹார்னஸில்தான், அதாவது நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டையில்தான், கோக்க வேண்டும். கழுத்துப் பட்டையும் இருக்கட்டும், ஆனால் அது போன் நம்பர் எழுதிய வில்லையைத் தொங்கவிட மட்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி அளப்பது, உப்புக் காற்றில் எப்படிக் காப்பாற்றுவது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. உங்கள் நாயின் உடலைப் பாருங்கள்

நாயின் மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள்தான் தாங்கிப் பிடிக்கின்றன. பொமரேனியன், யார்க்ஷயர் டெரியர், சிவாவா மாதிரியான குட்டி இனங்களில் இந்த வளையங்கள் வயதாக ஆகத் தளர்ந்து, குழாய் தட்டையாக அமுங்கும் நோய் அதிகம். கழுத்தில் விழும் ஒவ்வொரு இழுப்பும் அதை மோசமாக்கும். நடக்கும்போதோ துள்ளும்போதோ உங்கள் நாய் வாத்து கத்துவது போல வறட்டு இருமல் இருமினால், கழுத்துப் பட்டையில் கயிறு கோப்பதை இன்றோடு நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே பாடு. அவற்றுக்குக் கண்ணும் துருத்திக்கொண்டிருக்கும். கழுத்துப் பட்டை இழுபடும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதையும், ஹார்னஸ் இழுபடும்போது அப்படிக் கூடாததையும் 2006இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. டாக்ஸ்ஹண்ட் வைத்திருப்பவர்கள் முதுகுத்தண்டை நினைத்துப் பாருங்கள். நீளமான அந்த முதுகில் வட்டு (டிஸ்க்) விலகும் நோய் சாதாரணமாக வருவது. கழுத்தைப் பிடித்து வெட்டி இழுப்பது அதற்கு ஆகவே ஆகாது.

இழுக்காமல் காலோடு ஒட்டி நடக்கும் வயதான நாய், இருமல் கிடையாது, வாசலில் ஒன்றுக்குப் போக மட்டும் ஐந்து நிமிடம் வெளியே வருகிறது என்றால், கழுத்துப் பட்டையே போதும்.

2. எங்கே நடக்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. நம் கரையில் இதுதான் பெரிய கேள்வி.

தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ மாலையில் கரையோரம் நடந்து பாருங்கள். மணலில் நண்டு வளைக்குள் ஓடும். நாய் ஒரே பாய்ச்சலாகப் பாயும். பத்தடி தள்ளிக் கருவாடு காயப்போட்டிருப்பார்கள், அங்கே ஒரு பாய்ச்சல். படகு நிற்கும் இடத்தில் ஊர் நாய்கள் கூட்டமாக எழுந்து வந்தால் பின்பக்கமாக ஒரு இழுப்பு. இத்தனை இழுப்பும் ஒரு விரல் அகலப் பட்டை வழியாகத் தொண்டையில் இறங்குவதா, நெஞ்செலும்பில் பரவுவதா என்பதைத்தான் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். அதுவும் போக, ஊர் நாய் பாய்ந்து வரும்போது நாயைச் சட்டென்று மேலே தூக்கவேண்டி வரும். ஹார்னஸ் இருந்தால் முதுகுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையை வயிற்றுக்குக் கொடுத்துத் தூக்கிவிடலாம். கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அது தூக்குப் போடுவதுதான்.

தனுஷ்கோடிப் பக்கம் கூட்டிப் போகிறவர்கள் எந்த நேரத்திலும் கயிற்றை விடாதீர்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும். வனத்துறையினர் அந்த முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நாய் மோப்பம் பிடித்துவிட்டால் மொத்தக் குழியும் போச்சு. படகில் ஏறி மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு நாயைக் கொண்டுபோகும் யோசனையும் வேண்டாம், அவை கடல்சார் தேசியப் பூங்கா.

3. அளவெடுங்கள்

தையல்காரர் டேப் போதும். இல்லாவிட்டால் ஒரு நூலால் சுற்றி, நூலை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். நாய் நின்றுகொண்டிருக்க வேண்டும். இரண்டு அளவு: கழுத்து தோளோடு சேரும் அடிப்பகுதியின் சுற்றளவு, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சின் அகன்ற இடத்தின் சுற்றளவு. பொமரேனியனுக்கு முடியை அமுக்கி, தோலோடு ஒட்டி அளக்க வேண்டும். முடிமேல் அளந்தால் மாட்டிய கொஞ்ச நேரத்தில் தொளதொளவென்று ஆகிவிடும்.

எஸ், எம் என்ற எழுத்தை நம்பி வாங்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்டையில் போட்டிருக்கும் செ.மீ. அளவுதான் கணக்கு. உங்கள் நாயின் அளவு அந்த வரம்பின் நடுவில் விழுந்தால் கூட்டவும் குறைக்கவும் இடம் இருக்கும்.

4. கடையில் எதைப் பார்ப்பது

சில கடைகளில் "பாடி பெல்ட்" என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். "சின்ன நாய்தானே அண்ணே, எதைப் போட்டாலும் ஒண்ணுதான்" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். முன்பக்கத்தைப் பாருங்கள். கழுத்தின் இரு பக்கமும் இறங்கி நெஞ்செலும்பின் மேல் ஒன்றாகச் சேரும் பட்டைதான் நல்லது. தோளின் குறுக்கே படுக்கையாக ஓடும் பட்டை முன்னங்கால் வீச்சைத் தடுக்கும். அது கொஞ்சம் மேலேறினால் தொண்டையில் உட்காரும், அப்புறம் ஹார்னஸ் வாங்கியதே வீண்.

கயிறு கோக்கும் வளையம் முதுகில் இருப்பதே சின்ன நாய்க்குப் போதும். ரொம்ப இழுக்கிற நாய் என்றால் நெஞ்சிலும் ஒரு வளையம் உள்ளதை வாங்குங்கள். அங்கே கோத்தால் இழுக்கும்போது நாய் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

உள்ளூர் விஷயம் இனிதான். பளபளக்கும் முலாம் பூசிய இரும்பு வளையம் நம் காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை கேளுங்கள். ஒரு காந்தம் ஒட்டிப் பார்த்தால் சாதா இரும்பு பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். தோல் பட்டை ஈரத்தில் பூஞ்சை பிடித்து, உப்பில் வெடிக்கும். தடித்த பஞ்சு வைத்த சட்டை மாதிரி ஹார்னஸ் பார்க்க அழகு, ஆனால் இங்குள்ள புழுக்கத்தில், முக்கியமாகப் பக்குக்கு, அது கம்பளி. காற்றோட்டமான வலைத்துணி அல்லது மெல்லிய நைலான் பட்டை எடுங்கள்.

5. வீட்டுக்குள்ளேயே பழக்குங்கள்

வாங்கி வந்த அன்றே மாட்டி ரோட்டுக்கு இழுத்துப் போகாதீர்கள். முதலில் தரையில் போட்டு மோந்து பார்க்க விடுங்கள். அப்புறம் கழுத்துத் துளைக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு தின்பண்டத்தை நீட்டுங்கள், தலை தானாக நுழையும். உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீன் அருமையாக வேலை செய்யும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

பட்டனைப் போட்டதும் சில நாய்கள் சிலையாக நின்றுவிடும். இழுக்காமல் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் மாட்டி, சாப்பிட்டதும் கழற்றுங்கள். அதுவாக நடமாட ஆரம்பித்த பிறகு கயிறு.

6. வெளியே போகுமுன் பாருங்கள்

எந்தப் பட்டைக்கு அடியிலும் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்குமேல் கூடாது. ரொம்பக் குட்டி நாய்க்கு ஒரு விரல். அக்குளில் பட்டை உரசக் கூடாது.

அடுத்தது பின்வாங்கும் சோதனை. வீட்டுக்குள், நாய்க்கு எதிரே நின்று கயிற்றை உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். தலையைக் குனிந்து பின்னால் நகர்ந்து அது கழன்றுவிட்டால் இன்னும் இறுக்க வேண்டும். பட்டாசுக்கும் ரயில் ஹாரனுக்கும் மிரளும் நாய் இப்படித்தான் நழுவி ஓடும். அப்படிப்பட்ட நாய்க்கு ஹார்னஸையும் கழுத்துப் பட்டையையும் இணைக்கும் சின்ன வார் ஒன்று போடுங்கள்.

புறங்கையை மணலில் ஏழு நொடி வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அன்றைக்கு அந்நேரம் நடை வேண்டாம்.

7. திரும்பி வந்ததும்

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மாதங்களில் மணல் பட்டைக்கு அடியில் புகுந்துவிடும். மணலும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் உரசிய இடம் சிவந்து புண்ணாகும். வந்தவுடன் கழற்றிவிடுங்கள், இரவு முழுக்க மாட்டி வைக்காதீர்கள். கடலில் நனைந்திருந்தால் ஹார்னஸை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். நாயின் அக்குள், கழுத்து, காதடி மூன்றையும் முடியை விலக்கிப் பாருங்கள். பட்டை இருக்கும் இடத்தில்தான் உண்ணி ஒளிந்துகொள்ளும், உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே வாங்கக்கூடியது.

குட்டியாக இருந்தால் வாரம் ஒருமுறை விரல் விட்டுப் பார்த்துப் பட்டையைத் தளர்த்துங்கள். எந்த வயது நாயானாலும் தையல் ஓரத்தையும் கயிற்றுக் கொக்கியையும் அவ்வப்போது சோதியுங்கள். கொக்கியின் ஸ்பிரிங் உப்பேறி இறுகித் தானாக மூடாமல் நின்றால், எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.